ஒரே வேலை, வேறு வேறு மரியாதை: பதிலாளுக்கு ஆங்கிலம் வைத்த பெயர்கள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற யாருடைய பையைத் திறந்தாலும் ஒரு ஆங்கிலச் சொற்பட்டியல் கிடைக்கும். டாக்டருக்குப் பதிலாக வருபவர் லோக்கம். நடிகர் வராவிட்டால் மேடை ஏறுபவர் அண்டர்ஸ்டடி. ஆசிரியர் லீவு போட்டால் வகுப்புக்கு வருபவர் சப்ஸ்டிட்யூட். ஆபீசுக்குச் சில வாரம் மட்டும் வருபவர் டெம்ப். பதவி காலியாக இருக்கும்போது பொறுப்பு பார்ப்பவர் ஆக்டிங், அல்லது இன்டரிம். இடது பக்கம் சொல், வலது பக்கம் அர்த்தம். மனப்பாடம் செய், ஒரு மார்க் வாங்கு, மறந்துவிடு.

அகராதிப்படி பட்டியலில் எல்லாம் சரிதான். ஆனால் அதைப் படித்து முடிக்கிற மாணவனுக்கு ஒரு பொய் நம்பிக்கை மிஞ்சுகிறது. தொழிலுக்கு ஒரு பெயர், எல்லாம் சமமான சொற்கள், அவ்வளவுதான் என்று.

சமம் எல்லாம் கிடையாது. இவர்கள் அத்தனை பேரும் செய்கிற காரியம் ஒன்றுதான்: வராத ஒருவர் இடத்தில் நின்று அவர் செய்ய வேண்டியதைச் செய்வது. பெயரை முடிவு செய்வது அந்தக் காரியம் கிடையாது. வராமல் போனவர் யார் என்பதுதான் முடிவு செய்கிறது. காலியான நாற்காலி உயரமாக இருந்தால், உட்காருகிறவருக்கு லத்தீனில் பெயர். குட்டையாக இருந்தால் வால் நறுக்கிய ஒரு துண்டுச் சொல். நாற்காலியே இல்லாமல் நின்றுகொண்டு செய்கிற வேலை என்றால், சில சமயம் வசவே பெயராகிவிடுகிறது.

பெயரோடு நின்றாலும் பரவாயில்லை. பெயருக்குப் பின்னாலேயே சம்பளமும் சட்டமும் வரிசையாக வருகின்றன. அதைத்தான் எந்தப் பட்டியலும் எழுதுவதில்லை.

உயரமான நாற்காலிகள்

லோக்கம் என்பது 'லோக்கம் டெனன்ஸ்' என்ற லத்தீன் தொடரின் முதல் பாதி. நேர் அர்த்தம், இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற அதே சமாச்சாரம்தான் :-) லத்தீனில் சொன்னதும் ஒரு கௌரவம் வந்துவிடுகிறது. பாதிரியாருக்குப் பதில் வருபவர் லோக்கம், டாக்டருக்குப் பதில் வருபவர் லோக்கம். பிரிட்டனில் மருந்தாளுநர், கால்நடை மருத்துவர், வக்கீல் ஆகியோருக்கும் இதே சொல் உண்டு. அதே ஆஸ்பத்திரியில் வார்டு துடைப்பவர் ஊருக்குப் போயிருக்கும்போது வருகிறவரை யாரும் லோக்கம் என்று கூப்பிடுவதில்லை. அவரும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்தானே?

இதே அர்த்தத்தை பிரெஞ்சு வழியாக வாங்கினால் கிடைப்பது 'லெஃப்டினன்ட்'. 'லியூ' என்றால் இடம், 'டெனன்ட்' என்றால் பிடித்திருப்பவர். புதுச்சேரியிலும் டெல்லியிலும் இருக்கிற லெஃப்டினன்ட் கவர்னர், சொல்லின் வேரைப் பார்த்தால் இன்னொருவருக்காக இடம் பிடித்து வைத்திருப்பவர். அந்தச் சொல்லைக் கேட்டு யாருக்கும் தற்காலிக ஊழியர் ஞாபகம் வராது. கொடி வைத்த கார்தான் ஞாபகம் வரும்.

ஆக்டிங், இன்டரிம், கேர்டேக்கர் ஆகியவையும் மேல் மாடிச் சொற்கள். நேரு இறந்த 1964லும் சாஸ்திரி இறந்த 1966லும் குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமராக இருந்தார். ஒவ்வொரு முறையும் 13 நாள். பொது அறிவுப் புத்தகங்களில் அவர் பெயர் இன்றைக்கும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். வேறொரு தொழிலாளியின் இடத்தில் 13 வருடம் வேலை செய்தவரின் பெயர் அந்த மில்லின் பதிவேட்டிலாவது ஒழுங்காக இருக்குமா?

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் செனட் ஒப்புதல் தேவைப்படும் பதவியில் ஒருவர் 'ஆக்டிங்' ஆக இருக்கலாம். ஆனால் 1998ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பொதுவாக 210 நாள் என்று வரம்பு கட்டியிருக்கிறது. தற்காலிகம் என்றால் தற்காலிகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கறார். அதே நாட்டில் ஏஜென்சி வழியாக வேலைக்கு வரும் டெம்ப்பை எத்தனை நாள் டெம்ப்பாகவே வைத்திருக்கலாம் என்பதற்கு அப்படிப்பட்ட தேசியச் சட்ட வரம்பு கிடையாது. மேல் மாடியில் காலண்டர் மாட்டியிருக்கிறது. கீழ் மாடியில் ஆணி கூட இல்லை.

மேடையும் மைதானமும்

நாடகக்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையானவர்கள். பிராட்வேயில் இதற்கு மூன்று சொற்கள். தன் சின்ன வேடத்தையும் செய்துகொண்டு பெரிய வேடத்தையும் பாடம் பண்ணி வைத்திருப்பவர் அண்டர்ஸ்டடி. நட்சத்திரம் வராத நாளுக்காகவே காத்திருப்பவர் ஸ்டாண்ட்பை. குழுவில் பல பேருடைய இடங்களையும் தெரிந்து வைத்துக்கொண்டு யார் விழுந்தாலும் நுழைபவர் ஸ்விங். மூன்றும் தனித்தனித் திறமைகள் என்பதைச் சொல்லே ஒப்புக்கொள்கிறது.

ஏறினால் மேலே போகவும் வழி இருக்கிறது. 1943 நவம்பர் 14 அன்று நியூயார்க்கில் புருனோ வால்டருக்கு உடம்பு சரியில்லாமல் போக, 25 வயது உதவி இசை நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் ஒத்திகை இல்லாமலே மேடை ஏறினார். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி. 1954ல் 'தி பஜாமா கேம்' நாடகத்தில் கேரல் ஹேனி காலில் அடிபட, அண்டர்ஸ்டடியாக இருந்த ஷெர்லி மெக்லெய்ன் இறங்கினார். அங்கிருந்து நேராக ஹாலிவுட்.

கிரிக்கெட்டில் கதை வேறு. சப்ஸ்டிட்யூட்டாக இறங்குபவர் ஃபீல்டிங் மட்டும் செய்யலாம். பேட் பிடிக்க முடியாது, பந்து போட முடியாது. கேட்ச் பிடித்தாலும் பழைய ஸ்கோர் கார்டுகளில் பல நேரம் வெறும் 'சப்' என்றுதான் இருக்கும், பெயர் கூட இருக்காது. 2005 ஆஷஸ் தொடரில் டிரென்ட் பிரிட்ஜில் பாண்டிங்கை ரன் அவுட் செய்த கேரி பிராட், கடைசி வரை ஒரு டெஸ்ட் கூட ஆடாதவர். 2019 ஆகஸ்டில் விதி மாறியது. தலையில் அடிபட்டவருக்குப் பதில் வருபவர் முழு ஆட்டக்காரராக ஆடலாம் என்றார்கள். அதே மாதம் லார்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக வந்த லபுஷேன் 59 ரன் எடுத்தார். ஆள் மாறியதால் வந்த வித்தியாசமா இது? விதி மாறியதால் வந்த வித்தியாசம். பதிலாள் என்ன ஆவார் என்பது அவர் திறமையில் பாதி, அவரைப் பேட் பிடிக்க விடுகிறார்களா என்பதில் பாதி.

தமிழ் சினிமா ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்ட சொல் இன்னும் மோசம். ஹீரோவுக்காக மாடியிலிருந்து குதிப்பவர் 'டூப்'. பேச்சு வழக்கில் டூப் விடுவது என்றால் பொய் சொல்வது. எலும்பு முறிகிறவர் டூப்பு. வலிக்காமல் நிற்கிறவர் ஒரிஜினல்!

வால் நறுக்கப்பட்டவர்கள்

இனி குட்டை நாற்காலிகள். டெம்பரரி என்பதை வெட்டி டெம்ப். சப்ஸ்டிட்யூட்டை வெட்டி சப். லோக்கமும் வெட்டப்பட்ட சொல்தான், ஆனால் வெட்டிய பிறகும் பட்டு வேட்டி மாதிரி இருக்கிறது.

ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் சப்ஸ்டிட்யூட் டீச்சர், பிரிட்டனில் சப்ளை டீச்சர், ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் ரிலீஃப் டீச்சர், கனடாவின் ஒன்டாரியோவில் ஒக்கேஷனல் டீச்சர். ஒரே ஆள்தான். சப்ளை என்பது சரக்குக்குச் சொல்கிற சொல். தண்ணீர் சப்ளை, சிமென்ட் சப்ளை, டீச்சர் சப்ளை. ரிலீஃப் என்றால் நிவாரணம், யாருக்கு நிவாரணம்? பள்ளிக்கூடத்துக்கு. ஒக்கேஷனல் என்றால் எப்போதாவது. அந்த ஆசிரியருக்கு வீட்டு வாடகையும் எப்போதாவதுதான் வருமா என்ன?

டெம்ப் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு தொழிலே இருக்கிறது. வில்லியம் ரசல் கெல்லி 1946ல் டெட்ராய்ட்டில் ஆரம்பித்த நிறுவனம், ஆபீஸ்களுக்கு டைப்பிஸ்டுகளையும் கிளார்க்குகளையும் அனுப்பியது. அனுப்பப்பட்ட பெண்களுக்குப் பெயர் 'கெல்லி கேர்ள்'. நாற்பது வயதுக்காரரும் கேர்ள்தான். கம்பெனி 1966ல் தன் பெயரை கெல்லி சர்வீசஸ் என்று மாற்றிக்கொண்ட பிறகும் அமெரிக்கப் பேச்சில் கெல்லி கேர்ள் என்பது டெம்ப்புக்கு இன்னொரு பெயராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் சொந்தப் பெயர் போய், முதலாளியின் பெயரும் 'கேர்ள்' என்ற ஒட்டும் மிஞ்சியதைக் கவனியுங்கள்.

இதன் உச்சம் 'பெர்மாடெம்ப்'. நிரந்தரத் தற்காலிகம்! மைக்ரோசாஃப்ட் வழக்கில் உலகம் முழுக்கப் பிரபலமான சொல் இது. வருடக் கணக்கில் அதே கம்பெனியில், நிரந்தர ஊழியர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதே வேலையைச் செய்தவர்கள். அவர்களுக்கு நீலப் பட்டை, இவர்களுக்கு ஆரஞ்சுப் பட்டை. அவர்களுக்குச் சலுகை விலையில் பங்கு, இவர்களுக்கு இல்லை. 1992ல் தொடுத்த வழக்கு 2000 டிசம்பரில் 9.7 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. எந்த நிரந்தர ஊழியர் லீவில் போனார், அவருக்குப் பதிலாக இவர்கள் வந்தார்கள்? யாரும் போகவில்லை. பதிலாள் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, பதில் என்ற விஷயத்தையே தூக்கிவிட்டார்கள்.

கூரையும் தரையும்

பிரிட்டனை மட்டும் பார்த்தாலே எல்லாம் விளங்கும். லோக்கம் டாக்டர்கள் உட்பட ஏஜென்சி ஊழியர்களுக்கு அரசு மருத்துவச் சேவை கொடுத்த பணம் எகிறியதால் 2015 நவம்பரில் உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். இதற்கு மேல் கொடுக்காதே என்று அரசாங்கம் கூரை போட வேண்டியிருந்தது.

சாதாரண ஏஜென்சி டெம்ப்புக்குத் தேவைப்பட்டது நேர் எதிர். இதற்குக் கீழே போகாதே என்று தரை போட வேண்டியிருந்தது. 2010ல் இயற்றி 2011 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒரே வேலையில் 12 வாரம் முடித்தால் நிரந்தர ஊழியருக்குரிய அடிப்படைச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு ஓட்டை வைத்திருந்தார்கள். வேலை இல்லாத இடைவெளியில் ஏஜென்சி ஏதோ கொஞ்சம் கொடுப்பதாக ஒப்பந்தம் போட்டால் சம சம்பளம் தர வேண்டாம். அந்த ஓட்டையை அடைக்க 2020 ஏப்ரல் வரை ஆனது.

ஒரு சொல்லுக்குக் கூரை, இன்னொரு சொல்லுக்குத் தரை. இரண்டையும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, இரண்டும் தற்காலிகப் பணியாளர் என்று சொல்லிக்கொடுப்பது என்ன கல்வி?

வசவு வாங்குபவர்கள்

வேலைநிறுத்தத்தின்போது அந்த இடத்தில் வேலைக்கு வருபவர் ஸ்கேப். புண்ணின் மேல் காய்ந்த பொருக்கு என்று அர்த்தம். பிரிட்டனில் பிளாக்லெக். தமிழ்த் தொழிற்சங்க வழக்கில் கருங்காலி என்பது அதற்கு அப்படியே நேராகப் பொருந்துகிறது. கருங்காலிக் காம்பு போட்ட கோடாரி மரத்தையே வெட்டும் என்று வேறு விளக்கமும் சொல்வார்கள். போராடுகிறவரின் கோபம் நியாயமானதுதான். அவர் வயிற்றில் அடிக்கிற காரியம் அது. ஆனால் பசியால் வந்தவருக்கு ஊரறிந்த வசைச்சொல் இருக்கிறது. அவரைப் பேருந்து வைத்துக் கூட்டி வந்தவருக்கு அந்த அளவுக்கு ஊரறிந்த ஒரு சொல் இல்லை.

முதலாளிகளின் ஆங்கிலத்தில் அதே ஆள் 'ரீப்ளேஸ்மென்ட் வொர்க்கர்'. இந்த வழவழப்பான சொல் செய்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. அமெரிக்கச் சட்டப்படி, சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்ததற்காக ஒருவரை டிஸ்மிஸ் செய்ய முடியாது. ஆனால் 1938ஆம் ஆண்டு மெக்கே ரேடியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து, அவர் இடத்தில் வேறொருவரை 'நிரந்தரமாக' வைத்துக்கொள்ளலாம். பிறகு காலியிடம் வந்தால் கூப்பிடப்படும் உரிமை மட்டும் பழையவருக்கு மிச்சம். வேலை போய்விட்டது, ஆனால் அவர் நீக்கப்படவில்லை! வீட்டில் அடுப்பு எரியாதபோது இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

கனடா வேறு வழியில் போனது. மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள துறைகளில் வேலைநிறுத்தத்தின்போது பதில் தொழிலாளர்களைப் பயன்படுத்தத் தடை, 2025 ஜூன் முதல். பிரிட்டனில் ஏஜென்சி ஆட்களை அனுப்பக் கூடாது என்றிருந்த தடையை அரசு 2022ல் எடுத்தது. அப்படி எடுத்தது செல்லாது என்று 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது.

அதே பிரிட்டனில் 2022 மார்ச்சில் பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் கப்பல் கம்பெனி 786 மாலுமிகளை முன்னறிவிப்பு இல்லாமல், வீடியோச் செய்தியிலேயே வேலையை விட்டு அனுப்பியது. பதிலுக்கு ஏஜென்சி ஆட்கள். அவர்களுக்குச் சராசரியாக மணிக்கு ஐந்தரை பவுண்டு என்று கம்பெனித் தலைவரே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். அன்றைய குறைந்தபட்ச ஊதியம் 8.91 பவுண்டு. அங்கே யாரும் லீவில் போகவில்லை, வேலைநிறுத்தமும் இல்லை. 'ஏஜென்சி' என்ற ஒரு சொல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இந்திய ஆங்கிலமும் சளைத்ததில்லை

மில் தொழிலாளர் குடும்பங்களில் 'பதிலி' என்ற சொல் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். சட்டத்தின் ஆங்கில வாசகத்தில் 'பத்லி'. 'பதல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது; தமிழின் 'பதில்' கூட அதே வேர்தான். காலையில் மில் வாசலில் நின்று, இன்றைக்கு யாராவது வராமல் இருப்பார்களா என்று பார்த்திருப்பவர் பதிலி. இன்னொருவருக்குக் காய்ச்சல் வந்தால்தான் இவர் வீட்டில் உலை கொதிக்கும். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் லே-ஆஃப் இழப்பீட்டுப் பிரிவில் இவரை வரையறுத்தபோது, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்து முடித்தவரைப் பதிலியாகக் கருதக் கூடாது என்றும் சேர்த்தது. பெயருக்குக் காலாவதித் தேதி போட்ட அபூர்வமான வரி அது. மற்ற சொற்களுக்கும் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதே இல்லை.

சென்னையில் 'ஆக்டிங் டிரைவர்' உண்டு. சொந்த டிரைவர் வராத நாளில் கூப்பிடப்படுபவர். அமெரிக்க அமைச்சருக்குப் போடுகிற அடைமொழியைத் தமிழ்நாடு டிரைவருக்குப் போட்டிருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அடைமொழி மட்டும்தான் வந்தது. விபத்து நடந்தால் யார் பொறுப்பு, மறுநாள் வேலை உண்டா என்பதெல்லாம் வரவில்லை.

கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் கண்ணில் படுவது இன்னொன்று: கெஸ்ட் லெக்சரர். தமிழில் கௌரவ விரிவுரையாளர். அரசுக் கலைக் கல்லூரிகளில் நிரந்தர இடங்கள் காலியாகக் கிடக்க, இவர்களை வைத்தே வகுப்புகளை ஓட்டுவது பழக்கமாகிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2019ல் வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று சொன்னது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு நிரந்தர உதவிப் பேராசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அதாவது விருந்தாளியின் உச்சம், வீட்டுக்காரரின் ஆரம்பத்தைத் தொடவில்லை. அந்த 50,000 ரூபாய்க்கே தமிழ்நாட்டில் இவர்கள் போராட வேண்டியிருந்தது. பாடத்திட்டம் ஒன்று, தேர்வுத்தாள் ஒன்று, மாணவர்கள் அதே மாணவர்கள்.

வெறும் வார்த்தைதானே என்பவர்களுக்கு

மருத்துவத்துக்கு லத்தீன் வந்தது வரலாறு, யாரும் உட்கார்ந்து சதி செய்யவில்லை என்று சிலர் சொல்லலாம். உண்மை. லோக்கம் என்ற சொல்லில் சதி இல்லை. ஆனால் 'நிரந்தர ரீப்ளேஸ்மென்ட்', 'கெஸ்ட்', 'ஏஜென்சி' ஆகியவை தானாக முளைத்தவை இல்லை. ஒப்பந்தம் எழுதுகிறவர் யோசித்து எழுதிய சொற்கள்.

பதிலாளே இல்லாமல் ஒரு நிறுவனம் எப்படி ஓடும் என்றும் கேட்கலாம். ஓடாது. காய்ச்சல் வரும், குழந்தை பிறக்கும், அப்பா இறந்துபோவார். பதிலாள் வேண்டும்தான். அதற்கு ஆங்கிலத்திலேயே ஒரு யோக்கியமான சொல்லும் இருக்கிறது: 'மெட்டர்னிட்டி கவர்'. பிரிட்டிஷ் வேலை விளம்பரங்களில் அடிக்கடி வரும். யார் போயிருக்கிறார், ஏன் போயிருக்கிறார், எப்போது திரும்புவார் என்று மூன்றையும் அந்தச் சொல்லும் பக்கத்திலேயே போடுகிற மாதக் கணக்கும் சொல்லிவிடுகின்றன. வருகிறவர் ஏமாற மாட்டார், போனவரும் இடத்தை இழக்க மாட்டார்.

அதனால் பட்டியலைக் கிழிக்க வேண்டாம். மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டுக்கொண்டால் போதும். இந்தச் சொல்லால் கூப்பிடப்படுகிறவர் யாருடைய இடத்தில் இருக்கிறார்? அவர் என்றைக்குத் திரும்பி வருவார்? அதுவரை இவருக்கு அதே சம்பளமா? மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால் அந்தச் சொல் லத்தீனாக இருந்தாலும் கொச்சையாக இருந்தாலும் கவலையில்லை. பதில் இல்லாவிட்டால் அது தொழிலின் பெயரே இல்லை, சம்பளத்தைக் குறைக்கப் போட்ட முகமூடி.

இன்றைக்கு இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்கிறவர்களில் பலர் நாளைக்கு இதில் ஏதாவது ஒரு சொல்லாக வேலைக்குச் சேரப் போகிறவர்கள். ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றாவது கட்டத்தை நிரப்பிப் பார்ப்பது நல்லது. வீட்டுக்காரரே இல்லாத வீட்டைப் பத்து வருடமாகப் பெருக்கி, கோலம் போட்டு, விளக்கேற்றி வருகிறவரை விருந்தாளி என்று கூப்பிடுவது உபசாரம் ஆகாது. வாடகை பாக்கியை மறைக்கிற தந்திரம் அது.